நான் ஊற்றாத தண்ணீர்

என் மூத்த மகன் பத்தொன்பது நாள் இருந்தான். இதைச் சொன்னவுடன் எதிரில் இருப்பவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "தேவ சித்தம்" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவிலிருந்து கூடவே வைத்திருக்கும் கோபத்தை ஒரு மாத்திரைக்காக விட்டுவிட முடியுமா என்ன.

அப்போது திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு பெண்கள் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. எங்கள் பங்குக் கோயிலின் பெயரையும் சொல்லப் போவதில்லை. காலையில் முதல் பீரியடு ஞானோபதேசம். நான் கேள்வியைக் கேட்பேன், நாற்பது பிள்ளைகளும் ராகம் போட்டு ஒரே குரலில் பதில் சொல்லும். ஞானஸ்நானம் பெறாமல் சாகிற சிறு குழந்தைகள் எங்கே போகும் என்று அதில் ஒரு கேள்வி உண்டு. மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது. வேதனை ஒன்றும் இல்லாத ஓர் இடத்தில் இருக்கும், ஆனால் சர்வேசுரனின் முகத்தை ஒருநாளும் பார்க்காது. அந்த இடத்துக்கு லத்தீனில் ஒரு பெயர் இருந்தது. எனக்கும் அது வாயில் நுழையாது, பிள்ளைகளுக்கும் நுழையாது.

அதற்கடுத்த பாடம், சாகும் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது. யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். சாமியார்தான் வர வேண்டும் என்பதில்லை. ஆணோ பெண்ணோ, நம் வேதத்தில் சேராதவரோகூட, தலையில் தண்ணீர் ஊற்றி, "பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்துவின் நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்" என்று சொன்னால் போதும். இதைச் சொல்லிக்கொடுக்க நான் ஒரு மரப்பாச்சிப் பொம்மையையும் ஒரு டம்ளரையும் வகுப்புக்குக் கொண்டுபோவேன். பிள்ளைகள் வரிசையாக வந்து பொம்மையின் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒருத்தி தப்பாகச் சொன்னால் மறுபடி ஊற்றச் சொல்வேன். அந்தப் பொம்மைக்கு எத்தனை நூறு தடவை ஞானஸ்நானம் ஆகியிருக்கும் என்று கணக்கே இல்லை.

என் கணவர் இரயில்வேயில் குமாஸ்தா. அவருக்கு அப்பா அம்மா இல்லை, வளர்த்ததெல்லாம் அக்காதான். அந்த அக்கா, அதாவது என் நாத்தனார், சின்ன வயதிலேயே புருஷனை இழந்து தம்பியோடு வந்து இருந்தவர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். எனக்கும் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள அப்போது யாரும் இல்லாததால் தலைப்பிரசவமே இவர்கள் வீட்டில்தான் நடந்தது. நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். பத்தியச் சமையல், மருந்து, வெந்நீர் எல்லாம் வேளைக்கு வந்தன. அதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பொய் சொல்பவள் ஆகிவிடுவேன்.

எங்கள் ஜனங்களில் எட்டாம் நாளுக்குள் பிள்ளையை ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவது வழக்கம். என் பிள்ளையை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. காரணம் இலங்கையில் இருந்தது. என் கணவரின் அண்ணன் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. வம்சத்தின் முதல் பேரன், ஞானஸ்நானத்துக்கு அவனை ஏந்தி நிற்கும் ஞானத் தகப்பன் நான்தான், நான் வரும்வரை பொறுத்திருங்கள் என்று கடிதம் எழுதிவிட்டார். அவருக்கு லீவு கிடைக்க வேண்டும், பிறகு பெர்மிட் கிடைக்க வேண்டும், பிறகு கப்பல், பிறகு தனுஷ்கோடியிலிருந்து போட் மெயில் இரயில். ஒரு வாரம் இரண்டு வாரமானது. வேறு யாரையாவது ஞானத் தகப்பனாக நிறுத்தினால் பெரியவர் மனது கோணும் என்று நாத்தனார் சொன்னார். கோயிலில் பெயர் வைக்கும்வரை பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பதும் அவர் சட்டம். அதனால் அவன் எங்களுக்குத் தம்பி. அவ்வளவுதான்.

பங்குச் சாமியாரிடமும் கேட்டார்கள். அவர் வீட்டுக்கே வந்து பிள்ளையைப் பார்த்தார். "கொழுகொழுன்னு இருக்கான், என்ன அவசரம், பெரியவர் வரட்டும்" என்று அவர் வாயால் சொன்னார். கட்டிலில் உட்கார்ந்து நானே கேட்டேன். பின்னால் அவர் மறந்துவிட்டார், நான் மறக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் தம்பி பால் குடிக்கவில்லை. பதினோரு மணிக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. கணவர் டாக்டரைக் கூட்டிவர சைக்கிளில் ஓடினார். அவர் போன கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு இழுப்பு வந்தது. முதல் தடவை வந்து நின்றது. இரண்டாம் தடவை வந்தபோது உதடு நீலமாகிவிட்டது.

எனக்குச் சந்தேகமே வரவில்லை. இதைத்தான் நான் வருஷக் கணக்காய் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஸ்டூலின்மேல் இருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்தேன். நாத்தனார் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ஊத்தாதம்மா. ஊத்தினா போயிடுவான்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் ஒரு பிள்ளை பிறந்திருந்தது. ஒரே பிள்ளை. பிறந்த மூன்றாம் நாள் மூச்சு முட்டியபோது மருத்துவச்சி ஓடிவந்து தலையில் தண்ணீர் ஊற்றினாள், சொம்பைக் கீழே வைப்பதற்குள் பிள்ளை போய்விட்டது. அன்றிலிருந்து அந்த அவசரத் தண்ணீர் அவருக்கு எமனாகிவிட்டது. அதை ஊற்றுவது பிள்ளையைக் கைகழுவிவிடுவதுதான் என்று நம்பினார். தினமும் செபமாலை சொல்கிறவர், ஒருசந்தி விரதம் தவறாதவர். ஆனாலும் நம்பினார்.

அவர் என் கையைப் பிடித்தது உண்மை. பிடித்த கையை நான் உதறவில்லை என்பதும் உண்மை. இருபத்து நான்கு வயது, நல்ல தெம்பு, அவரோ குச்சி மாதிரி இருப்பார். ஒரு தள்ளுத் தள்ளியிருக்கலாம். நாற்பது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கும் அந்த நிமிஷம் ஊற்றினால் போய்விடுவான் என்றுதான் தோன்றியது. சொம்பை வைத்துவிட்டுப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டேன். கணவரும் டாக்டரும் வந்து இறங்கியபோது தம்பி இல்லை.

கணவர் அப்படியே கோயிலுக்குப் போனார். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தண்ணீர் ஊற்றினீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். இல்லை என்றார் இவர். அப்படியானால் மணி அடிக்க முடியாது, மந்திரித்த மண்ணில் வைக்க முடியாது, நான் வரவும் முடியாது, சட்டம் நான் போட்டதில்லை என்று சொல்லியிருக்கிறார். "பெரியவர் வரட்டும்னு நீங்கதானே சொன்னீங்க சாமி" என்று இவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். அதற்காக இவரிடம் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

கல்லறைத் தோட்டத்தின் வடக்கே, முள்வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு துண்டு நிலம் இருந்தது. நாண்டுகொண்டு செத்தவர்களையும் ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைகளையும் அங்கேதான் புதைப்பார்கள். என் கணவரும் பக்கத்து வீட்டுக்காரர் இருவரும் கடையில் சோப்புக் கட்டிகள் வந்த ஒரு மரப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை வந்து இடத்தைக் காட்டிவிட்டு உடனே திரும்பிவிட்டாராம். ஒரு பரமண்டல மந்திரம்கூட இல்லை. பெயர் இல்லாததால் சிலுவையில் எழுதவும் ஒன்றும் இல்லை, சிலுவையே இல்லை. நாங்கள் பெண்கள் வீட்டில் இருந்தோம். நாத்தனார் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அவர் அழ அழ எனக்கு அழுகை நின்றுபோயிற்று.

நாலாம் நாள் பெரியவர் போட் மெயிலில் வந்து இறங்கினார். தந்தி அவருக்குப் போய்ச் சேரவில்லை. இரண்டு டின் தேயிலையும், கொழும்பில் வாங்கிய லேஸ் வைத்த வெள்ளை அங்கியும் கொண்டுவந்திருந்தார். வாசலில் நின்று சிரித்துக்கொண்டே "எங்க என் மகன்?" என்று கேட்டார். பாவம், நல்ல மனுஷன். நான் அந்த அங்கியை அவர் கையிலிருந்து வாங்கி, எல்லோர் முன்னாலும் அடுப்பில் போட்டேன். புதுத் துணி, சீக்கிரம் எரியவில்லை. அன்றிலிருந்து நானும் நாத்தனாரும் உப்பு, புளி, அரிசி தவிர வேறு எதையும் பேசிக்கொண்டதில்லை.

பிரசவ லீவு முடிந்து பள்ளிக்குப் போனேன். எல்லோரும் ஒரே மாதிரி ஆறுதல் சொன்னார்கள். சர்வேசுரனுடைய திட்டம் நமக்குப் புரியாது, ஒப்புக்கொடுத்துவிடு என்றார்கள். யாரை ஒப்புக்கொடுப்பது? அவர் முகத்தை ஒருநாளும் பார்க்க மாட்டான் என்று அவர்களே எழுதிவைத்திருந்த பிள்ளையை அவரிடமே எப்படி ஒப்புக்கொடுப்பது? அவனுக்காக ஒரு பூசை வைக்கவும் முடியாது, செத்தவர்களுக்கான செபத்திலும் சேர்க்க முடியாது, பலன் இல்லையாம். கேட்டுப் பார்த்துவிட்டேன். பாவம் கழியும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் திருடனுக்குச் செபம் உண்டு. என் பிள்ளைக்கு இல்லை.

எங்கள் பள்ளியில் தமிழ் நடத்திய டீச்சர் ஸ்ரீரங்கத்துக்காரர். உத்திர வீதியிலிருந்து தினமும் பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி வருவார். ஆசாரம் அதிகம். நான் தொட்ட தண்ணீரைக் குடிக்க மாட்டார், சாப்பாட்டைத் தனியாக ஜன்னலோரம் வைத்துச் சாப்பிடுவார். அதில் எனக்கு அவர்மேல் ஓர் எரிச்சல் எப்போதும் உண்டு. ஆனால் பிள்ளைக்கு என்ன பெயர் என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். பெயர் இல்லை என்றேன். ஏன் இல்லை என்று கேட்டார். நான் கொட்டித் தீர்த்துவிட்டேன். தண்ணீர், சொம்பு, முள்வேலி, எல்லாவற்றையும்.

அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, அவர்கள் சம்பிரதாயத்தில் இதைப்பற்றி ஒரு பெரிய வழக்கே உண்டு என்றார். குரங்குக் குட்டி தாயைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடி விட்டால் விழுந்துவிடும். பூனைக் குட்டிக்கு அந்தக் கவலை இல்லை. "குட்டி என்ன பண்ணித்து, சொல்லுங்கோ. தாய் கவ்விண்டு போறது. குட்டிக்கு அது தெரியக்கூடத் தெரியாது. பெருமாள் நம்மைக் காப்பாத்தறதும் அப்படித்தான்னு எங்காத்துல சொல்லுவா."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எங்கள் வேதத்தில் சொல்ல ஆள் இல்லாமல் இவர் வந்து எனக்குச் சொல்கிறாரே என்ற கோபம். "உங்க பூனை என் குட்டியை விட்டுட்டுப் போயிடுச்சு டீச்சர்" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "விட்டுட்டுப் போச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்று கேட்டார். மணி அடித்துவிட்டது. அவர் தன் வகுப்புக்குப் போய்விட்டார்.

யார் சொன்னது? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதே கேள்விதான். சாமியார் சொன்னார், புத்தகம் சொன்னது. அவர்களைவிட அதிகம் சொன்னவள் நான். வருஷா வருஷம் நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து, ராகம் போட்டு, மனப்பாடம் ஆகும்வரை விடாமல் சொல்லியிருக்கிறேன். அந்த நாற்பதில் எத்தனை பேர் வீட்டில் முள்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தம்பியோ பாப்பாவோ இருந்திருக்கும் என்று ஒருநாளாவது யோசித்தேனா? என்மேல் எனக்கு வந்த கோபம் அப்போது மற்ற எல்லோர்மேலும் இருந்ததைவிடப் பெரியதாக இருந்தது.

அடுத்த முறை அந்தப் பாடம் வந்தபோது கேள்வியைக் கேட்டேன். பிள்ளைகள் பதிலை ஆரம்பித்தார்கள். நிறுத்தச் சொன்னேன். இதற்கு எனக்குப் பதில் தெரியாது, அந்தப் பிள்ளைகள் எங்கே என்று ஆண்டவருக்குத்தான் தெரியும், இதை நீங்கள் மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று சொன்னேன். விஷயம் சாயங்காலத்துக்குள் மேலே போய்விட்டது. பள்ளித் தலைவியான மதர் கூப்பிட்டனுப்பினார். திருச்சபை சொல்வதை மாற்ற நீ யார் என்று கேட்டார். நான் மாற்றவில்லை மதர், எனக்குத் தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்றுதான் சொல்கிறேன் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. கெட்ட மனுஷி இல்லை, வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஞானோபதேசத்தைப் பிடுங்கிக்கொண்டு தையல் வகுப்பைக் கொடுத்தார். ஏழெட்டு வருஷம் பிள்ளைகளுக்குக் காஜா எடுக்கச் சொல்லிக்கொடுத்தேன்.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஒருமுறை போனேன், அதே சாமியாரிடம். சர்வேசுரன்மேல் கோபமாக இருக்கிறேன் என்றேன். அது பெரிய பாவம், அவருடைய இரட்சணியத் திட்டத்தின்மேல் விசுவாசம் வை என்று ஆரம்பித்தார். நான் இடையில் புகுந்தேன். "விசுவாசம் இருக்கு சாமி. அவரு பிள்ளையை விட மாட்டாருன்னுதான் எனக்குத் தோணுது. நீங்கதான் விட்டுட்டாருன்னு சொல்றீங்க. நான் யாரை நம்புறது?" கம்பிக்கு அந்தப் பக்கம் பலகையை இழுத்து மூடும் ஓசை கேட்டது. பாவமன்னிப்புக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போனேன், சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க மட்டும் எழுந்து போகவில்லை. கோயிலையே விட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். விட்டுவிட்டு எங்கே போவது? சண்டை போடவும் எனக்கு அவர்தானே வேண்டியிருந்தது.

கல்லறைத் திருநாள்தான் தாங்காது. நவம்பர் மாதம், ஊரே மெழுகுவர்த்தியும் செவ்வந்திப் பூவுமாய்ப் போகும். எங்கள் வீட்டிலிருந்தும் போவோம். நாத்தனாரின் பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் ஒரு சின்னச் சிலுவை உண்டு, பெயர் உண்டு. அவர் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்ச் சிலுவையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார். அந்தப் பிள்ளைக்கு யாரோ ஒரு மருத்துவச்சி தண்ணீர் ஊற்றியதால் மோட்சம். என் பிள்ளைக்கு அதே வீட்டில் தண்ணீர் இருந்தும் இல்லை. அவர் மண்டியிட்டிருக்கும்போது அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்ன நினைத்தேன் என்று இங்கே எழுத முடியாது.

முதல் வருஷமே நான் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனேன். கோயில்பிள்ளை ஓடிவந்து அங்கே ஏற்றக் கூடாதும்மா என்றார். ஏன், நெருப்புப் பிடிக்காதா என்று கேட்டேன். முள்ளை விலக்கிக்கொண்டு உள்ளே போனால் எந்த இடம் என்றே தெரியவில்லை. ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கணவர் பின்னாலேயே வந்து ஒரு வேப்பங்கன்றைக் காட்டினார். ஏற்றிவிட்டு, செபம் சொல்லக் கூடாது என்பதால் சும்மா நின்றுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கோயில்பிள்ளை எங்களைத் தடுக்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

பிறகு எனக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள். மூத்தவள் பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்காது, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே நான் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்து கொடுத்தது நாத்தனார். நான் ஊற்றினேன், வார்த்தைகளைச் சொன்னேன், பெயரையும் சொன்னேன். பிள்ளை வீல் என்று கத்தினாள். விஷயம் தெரிந்து சாமியார், ஆபத்தில்லாத பிள்ளைக்கு நீ ஊற்றியது பாவம் என்று திட்டினார். சாகக் கிடந்தால்தான் நான் ஊற்றலாமாம், உயிரோடு இருந்தால் ஊற்றக் கூடாதாம். ஆகட்டும் சாமி என்று சொல்லிவிட்டு, இரண்டாமவளுக்கும் அப்படியே செய்தேன். சொம்பைக் கொண்டுவந்தது இந்த முறையும் நாத்தனார்தான். அது ஒரு விதமான மன்னிப்புக் கேட்பது என்று என் கணவர் சொன்னார். வாயைத் திறந்து கேட்கட்டும் என்றேன் நான்.

அறுபதுகளின் நடுவில் எல்லாம் மாறத் தொடங்கியது. பூசை தமிழில் வந்தது, சாமியார் ஜனங்களைப் பார்த்து நின்றார். பழைய சாமியார் மாற்றலாகிப் போய், படித்த இளைஞர் ஒருவர் வந்தார். ஞானஸ்நானம் இல்லாமல் போன குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் விட்டுவிட வேண்டும், அவர்களுக்குக் கதவை மூட நாம் யார் என்று பிரசங்கத்தில் சொன்னார். அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் வடக்கு வேலியைப் பிடுங்கச் சொல்லி, அந்தத் துண்டு நிலத்தையும் சேர்த்து மந்திரித்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் அழுதார்கள். முள்வேலிக்கு அந்தப் பக்கம் இத்தனை பேருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. சாமியாரிடம் நேரே போனேன். நல்லது செய்தவரிடம் சண்டைக்குப் போகிறேன் என்று தெரிந்துதான் போனேன். இந்த இரக்கம் போன வருஷம் எங்கே இருந்தது சாமி, எட்டு ஒன்பது வருஷமாய் அவனுக்காக ஒரு செபம் சொல்லவில்லை நான், சொல்லக் கூடாது என்றார்களே, அதை யார் திருப்பிக் கொடுப்பார்கள் என்று கேட்டேன். அவர் "தப்புத்தாம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் அதுவரை ஒரு சாமியாரின் வாயிலிருந்து கேட்டதில்லை. அடுத்த ஞாயிறு நன்மை வாங்கினேன். ஆனாலும் கோபம் போகவில்லை. நாத்தனாரிடம் உப்பு, புளிதான் பேசினேன்.

அதற்கடுத்த வருஷம் அவர் படுத்தார். வயிற்றில் கட்டி, அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் பகலில் நான் இருப்பேன், சாயங்காலம் என் கணவர் ஆபீஸ் முடிந்து வருவார். இளைய சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார், அவஸ்தைப்பூசுதல் கொடுத்தார், நன்மை கொடுத்தார். திருச்சபையில் சாகிற ஒருத்திக்கு என்னென்ன கொடுக்க முடியுமோ அத்தனையும் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் அவர் பயந்துகொண்டே இருந்தார். கண்ணை மூட மாட்டார், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்ப்பார். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார்.

ஒரு மத்தியானம் சாத்துக்குடி பிழிந்து ஸ்பூனில் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஸ்பூன் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். பிறகு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"என் பிள்ளை அங்க இருக்கான். அது எனக்குத் தெரியும். உன் பிள்ளை இருப்பானா?"

எத்தனையோ வருஷமாய் இந்தப் பேச்சு எங்களுக்குள் வந்ததில்லை. நான் டம்ளரைக் கீழே வைத்தேன். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது, எல்லாம் தயாராகவும் இருந்தது. நீங்கள் பிடித்தீர்களே அந்தக் கை, அது இதுதான் என்று காட்டியிருக்கலாம். எனக்குத் தெரியாது, ஆண்டவருக்குத்தான் தெரியும் என்று வகுப்பில் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அந்தப் பயத்தோடேயே அவர் போயிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு நிமிஷம் அதை விரும்பவும் செய்தேன்.

"இருப்பான்" என்றேன்.

"சாமி சொன்னாரா?"

"சாமி எதுக்குக்கா சொல்லணும்? நான் சொல்றேன். தண்ணி ஊத்தலேன்னு ஒரு பச்சைப் பிள்ளையை வாசல்ல நிறுத்தி வைக்கிற ஆளா அவரு? அதுக்கா செலுவையில தொங்குனாரு? உங்க பிள்ளை பக்கத்துலதான் இருப்பான். வேற எங்க போவான்?"

ஆறுதலாய்ச் சொல்லவில்லை, அதட்டித்தான் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். சொல்லி முடித்த பிறகுதான் நான் அதை நம்புகிறேன் என்று எனக்கே தெரிந்தது. ரொம்ப நாளாய் நம்பியிருக்கிறேன். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் அத்தனை வருஷம் அத்தனை பேரோடு எதற்காகச் சண்டை போட்டேன்?

நாத்தனாரின் கை கம்பியை விட்டது.

"அப்ப நான் போய் அவங்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார். நிம்மதியாய்த்தான் போனார். அவனிடம் கேட்டிருப்பார், அவனும் கொடுத்திருப்பான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பக்கத்தில் ஸ்பூனும் கையுமாய் நான் உட்கார்ந்திருந்தேன், என்னிடம் அவர் கேட்கவில்லை. அந்தக் கோபம் மட்டும் இன்னும் இருக்கிறது. ஏன் கேட்கவில்லை என்று அங்கே போய் அவரிடமே கேட்டுக்கொள்கிறேன்.